ஐம்பது டாலர் நோட்டில் இருக்கும் தாத்தா

போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த பேரன், ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஐம்பது டாலர் நோட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான். "மாத்திக்காதீங்க தாத்தா, சும்மா வெச்சுக்குங்க" என்றான். நோட்டில் தாடி வைத்த ஒருவர் படம். அவர் யார் என்று அவனைக் கேட்டேன். "யாரோ பழைய பிரசிடெண்ட்" என்றான். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

அவர் பெயர் யுலிசிஸ் கிராண்ட். அமெரிக்காவின் 18-வது ஜனாதிபதி. 1869 முதல் 1877 வரை இரண்டு முறை பதவியில் இருந்தவர். பதவி முடிந்த பிறகு இந்தியாவுக்கு வந்து ஏறக்குறைய ஒரு மாதம் சுற்றிப் பார்த்தவர். ஓய்வு பெற்றவர்களான நாம் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு அவர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலில் உலகம் சுற்றினார். அப்புறம் எழுதினார். இந்த இரண்டில் எது நின்றது, எது போயிற்று என்பதைப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1822 ஏப்ரல் 27-ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். மகனுக்கு அந்த வேலையும் பிடிக்காது, அந்த நாற்றமும் பிடிக்காது. குதிரை என்றால் உயிர். அப்பாவின் வற்புறுத்தலால் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். அவருடைய இயற்பெயர் ஹைரம் யுலிசிஸ். பதிவேட்டில் 'யுலிசிஸ் எஸ்.' என்று ஏறிவிட்டது, கடைசி வரை அதுவே நிலைத்தது. ரேஷன் கார்டில் ஒரு எழுத்து மாறிப்போய் ஆயுசு முழுக்க அலைகிற நம்மவர்களுக்கு இது புதுசில்லை.

மெக்சிகோ போரில் சண்டை போட்டார். 1854-இல் ராணுவத்தை விட்டார். அடுத்த ஆறேழு வருஷம் தொட்டதெல்லாம் தோல்வி. விவசாயம் செய்தார், நஷ்டம். செயிண்ட் லூயி நகரத் தெருக்களில் விறகு விற்றார். கடைசியில் முப்பத்தெட்டு வயதில், தனக்குப் பிடிக்காத அதே தோல் வியாபாரத்துக்கு, அப்பாவின் கடையில் வேலைக்குப் போனார். மறுவருஷம், 1861-இல், உள்நாட்டுப் போர் வந்தது. நான்கு வருஷத்தில் வடக்கு மாநிலங்களின் படை முழுவதற்கும் தலைமைத் தளபதி. 1865 ஏப்ரல் 9-ஆம் தேதி தெற்கத்திய தளபதி லீ அவரிடம் சரணடைந்தார். அதிலிருந்து நான்காவது வருஷம் ஜனாதிபதி. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை தந்த 15-ஆவது சட்டத் திருத்தம் அவர் காலத்தில்தான் நிறைவேறியது. அவர் ஆட்சியில் ஊழல் புகார்களும் நிறைய. தான் திருடவில்லை என்றாலும் சுற்றி இருந்தவர்களைக் கண்மூடி நம்பியவர்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். 1877 மே மாதம் பிலடெல்பியாவில் கப்பல் ஏறினார். திரும்பி சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது 1879 செப்டம்பரில். இரண்டு வருஷம் நான்கு மாதம்! இங்கிலாந்து ராணியிலிருந்து ஜப்பான் சக்கரவர்த்தி வரை எல்லோரும் விருந்து வைத்தார்கள். 1879 பிப்ரவரி 13-ஆம் தேதி மனைவி ஜூலியாவோடு பம்பாயில் இறங்கினார். அங்கிருந்து ஜபல்பூர், அலகாபாத், ஆக்ரா, ஜெய்ப்பூர், டில்லி, லக்னோ, காசி, கல்கத்தா. தாஜ்மகாலைப் பார்த்தார். ஜெய்ப்பூரில் ஆம்பேர் கோட்டைக்கு யானை மேல் போனார். மகாராஜா உபசாரம் செய்தார். கல்கத்தாவில் வைசிராய் லிட்டன் பிரபு வரவேற்றார். அங்கிருந்து கப்பலில் ரங்கூன் போய்விட்டார். சென்னைப் பக்கம் வரவில்லை. நம் பாண்டிச்சேரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விழுப்புரத்திலிருந்து நம் ஊருக்கு ரயில் வந்ததே அந்த 1879-ஆம் வருஷம்தான்.

தெற்கே அவர் வராததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் வந்திருந்தால் என்ன பார்த்திருப்பார் என்று யோசித்தேன். நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, 1876-இல் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சென்னை ராஜதானியில் மட்டுமல்ல, மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகளிலும் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். இங்கே அப்படி ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது, 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் மாபெரும் தர்பார் நடத்தியவர் அதே லிட்டன் பிரபு. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு கொஞ்சம் காசு போதும் என்று கணக்குப் போட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அந்த டெம்பிள்தான் 1879-இல் பம்பாய் கவர்னர். கிராண்ட் இந்தியாவில் முதலில் தங்கியது அவருடைய மலபார் முனை மாளிகையில்தான்!

அதாவது, பஞ்சத்தில் படியளந்தவர் ஒரு முனையிலும், பஞ்சத்தில் தர்பார் நடத்தியவர் மறுமுனையிலும் விருந்து வைத்தார்கள். நடுவில் யானையும் தாஜ்மகாலும். நம் பக்கத்து மரக்காணத்தில் வந்து முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் துண்டைப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகத்தான் வெட்டினார்கள். மண் சுமந்தது ஒட்டிய வயிற்றோடு வந்த நம் ஜனங்கள். மரக்காணம் பக்கம் உப்பளத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

இதற்காக கிராண்ட் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. விருந்தாளிக்கு வீட்டுக்காரர் திறந்து காட்டும் அறைதான் தெரியும். நாம் மட்டும் என்ன? பென்ஷன் வந்ததும் பஸ்ஸிலும் விமானத்திலும் கூட்டமாக ஏறுகிறோம். பத்து நாளில் ஒன்பது ஊர். ஹோட்டல், கோயில், கடைவீதி, போட்டோ. திரும்பி வந்து வாட்ஸப்பில் போட்டுவிட்டால் முடிந்தது. என் போனிலேயே அப்படி நூற்றுக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன. எது எந்த ஊர் என்று எனக்கே இப்போது தெரியவில்லை. ஊர் சுற்றுவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் ஒத்துழைக்கும் வரை சுற்றுங்கள். ஆனால் அதுதான் ஓய்வு காலத்தின் பெரிய காரியம் என்று நினைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கிராண்டுக்கு அந்த உலகப் பயணம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அதைப் பற்றி அவர் புத்தகம் எழுதவில்லை. கூடவே போன ஜான் ரஸ்ஸல் யங் என்ற பத்திரிகையாளர்தான் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். ஊர் ஊராகக் கிடைத்த பரிசுப் பொருள்கள்? அவையும் வீட்டில் தங்கவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

பயணம் முடிந்து நியூயார்க்கில் குடியேறினார். அந்தக் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதிகளுக்குப் பென்ஷன் கிடையாது. 1958-இல்தான் அப்படி ஒரு சட்டமே வந்தது. ராணுவப் பென்ஷனையும் ஜனாதிபதி பதவிக்காக அவர் விட்டுக்கொடுத்திருந்தார். கையிலிருந்த பணத்தையெல்லாம் மகன் பங்குதாரராக இருந்த ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். அதை நடத்திய பெர்டினாண்ட் வார்ட் என்பவன் மோசக்காரன். புதிதாக வருகிறவர்கள் போடும் பணத்தைப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்துக்கொண்டிருந்தான். ஏலச்சீட்டு, பைனான்ஸ் கம்பெனி என்று பணம் போட்டு வாயில் மண் விழுந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1884 மே மாதம் நிறுவனம் கவிழ்ந்தது. அதற்குச் சில நாள் முன்னால் அதைக் காப்பாற்ற என்று வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரரிடம் ஒன்றரை லட்சம் டாலர் கடன் வேறு வாங்கியிருந்தார். அந்தக் கடனுக்கு ஈடாகப் போர் வாள்கள், பதக்கங்கள், அயல்நாட்டு அரசுகள் கொடுத்த பரிசுகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். உலகம் சுற்றிச் சேர்த்தது போயிற்று.

அதே வருஷம் கோடையில் ஒரு பழத்தைக் கடித்தார். தொண்டையில் நெருப்பாக வலித்தது. சில மாதத்தில் தெரிந்துவிட்டது, தொண்டைப் புற்றுநோய். வாழ்நாளெல்லாம் சுருட்டு பிடித்தவர். வயது அறுபத்திரண்டு. மனைவிக்கு என்ன வைத்துவிட்டுப் போவது? அப்போதுதான் பேனாவை எடுத்தார்.

முதலில் போர்க்களங்களைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரைகள். பிறகு முழுப் புத்தகம். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் தானே பதிப்பிக்கிறேன் என்று வந்து, லாபத்தில் பெரும்பங்கு உங்களுக்கு என்றார். கிராண்ட் எழுதினார், எழுத முடியாத நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். குரல் போன பிறகு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் காட்டினார். 1885 ஜூன் மாதம் மலைப்பாங்கான ஒரு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாழ்வாரத்தில் சால்வையைப் போர்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் படம் இன்றும் கிடைக்கிறது. ஜூலை மாதத்தில் முடித்தார். சில நாளில், 23-ஆம் தேதி, கண்ணை மூடிவிட்டார்.

புத்தகம் இரண்டு தொகுதிகள். பழைய சிப்பாய்களே வீடு வீடாகப் போய் விற்றார்கள். மூன்று லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. ஜூலியாவுக்குக் கிடைத்த தொகை நான்கரை லட்சம் டாலர் அளவில் என்கிறார்கள். வாளும் பதக்கமும் போன வீட்டில் பேனா அடுப்பெரித்தது. இன்றைக்கும் அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது.

பணத்துக்காகச் சொல்லவில்லை. நாம் எழுதினால் யாரும் நான்கரை லட்சம் தரப்போவதில்லை, அச்சுக்கூலிதான் நம் தலையில் விழும். அந்தப் புத்தகம் ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. அதில் ஜோடனை இல்லை. எட்டு வயதில் ஒரு குதிரை வாங்கப் போன கதையைச் சொல்கிறார். "முதலில் இருபது டாலர் கேள், ஒப்பவில்லை என்றால் இருபத்திரண்டரை, கடைசியாக இருபத்தைந்து" என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். பையன் போய் அப்பா சொன்னதை அப்படியே குதிரைக்காரரிடம் ஒப்பித்துவிட்டான்! எத்தனைக்கு முடிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பிள்ளைகள் ரொம்ப நாள் கேலி செய்தார்களாம். ஜனாதிபதியாக இருந்தவர் சாகக் கிடக்கும்போது இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தான் இளைஞனாகப் போய்ச் சண்டையிட்ட மெக்சிகோ போர் அநியாயமான போர் என்றும் எழுதியிருக்கிறார். லீ சரணடைந்த அன்று தனக்குச் சந்தோஷம் வரவில்லை, மனசு கனத்தது என்றும் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 1862-இல் தன் படைப்பகுதியிலிருந்து யூதர்களை வெளியேற்றச் சொல்லி ஒரு மோசமான உத்தரவு போட்டார். லிங்கன் அதை ரத்து செய்தார். புத்தகத்தில் அந்தப் பேச்சே இல்லை. தன் ஆட்சிக்காலத்தையும் எழுதாமல் போருடன் நிறுத்திக்கொண்டார். எழுதுகிறவர்கள் எல்லோரும் எதையாவது மறைக்கத்தான் செய்வார்கள். ஆனால் எழுதியவரிடம்தான் "இதை ஏன் விட்டாய்?" என்று பின்னால் வருகிறவர்கள் கேட்க முடியும். எழுதாதவரிடம் எதைக் கேட்பது?

"அவர் தளபதி, ஜனாதிபதி. நாம் யார் எழுத?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கடற்கரையில் காலை நடை முடிந்து உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும். அவர்களுக்கு நான் சொல்லும் பதில், ரங்கப்பிள்ளை வீதி வழியாகத்தானே தினம் போகிறீர்கள் என்பது. ஆனந்தரங்கப் பிள்ளை ராஜாவா? துய்ப்ளெக்ஸ் துரையிடம் துபாஷியாக இருந்தவர், வியாபாரி. 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யார் யாரோடு சண்டை, துரை என்ன சொன்னார், துரையின் சம்சாரம் என்ன சொன்னாள், எல்லாம் பேச்சுத் தமிழில். அவர் செத்து எண்பது வருஷத்துக்கு மேல் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1846-இல்தான் தேடி எடுத்தார்கள். இன்றைக்கு அந்தக் காலத்துத் தென்னிந்தியாவைப் பற்றி எவன் எழுதினாலும் பிள்ளைவாளைத் தொடாமல் எழுத முடியாது. அவர் 'நாம் யார் எழுத' என்று நினைத்திருந்தால் துரைமார் எழுதியதுதான் நம் சரித்திரம்.

என் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவர். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோது எனக்கு ஏழு வயது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். எனக்குக் கூட்டமும் இரைச்சலும் மட்டும்தான் நினைவு. அவருக்கு அன்று மனசில் என்ன ஓடியது? சந்தோஷமா, நாளைக்கு வேலை என்ன ஆகுமோ என்ற பயமா? அதற்கு இரண்டு வாரம் முன்னால் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்களே, அதைப் பற்றி ஆபீசில் என்ன பேசிக்கொண்டார்கள்? நான் கேட்கவே இல்லை. கேட்கும் வயது வந்தபோது எனக்கு வேலை, கல்யாணம், பிள்ளைகள். நேரம் கிடைத்தபோது அவர் இல்லை.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. ஆவலாக அந்தத் தேதியைத் தேடிப் பார்த்தேன். பால், காய்கறி, பிள்ளைகளுக்கு மிட்டாய். அவ்வளவுதான். தினமும் பேனா எடுத்த மனுஷர். இன்னும் நான்கு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றுவரை நினைக்கிறேன். அந்த மிட்டாய் எனக்குத்தான் வாங்கினார் என்பது மட்டும் ஆறுதல்.

அன்றைக்கு விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள், பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள், எல்லைச் சோதனையில் நின்று துணியும் வெல்லமும் ஒளித்துக் கொண்டுவந்தவர்கள், இவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது? வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை குறைகிறது. வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து மஞ்சள் சுவர்களையும் பிரெஞ்சு வீதிகளையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கிராண்டுக்குத் தாஜ்மகால் காட்டிய மாதிரி நாம் அவர்களுக்கு வெள்ளைக்காரத் தெருவைக் காட்டி அனுப்புகிறோம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நடந்ததை யார் சொல்வது?

வீட்டு அம்மாக்களையும் விட்டுவிடக் கூடாது. கிராண்டின் மனைவி ஜூலியாவும் தன் நினைவுகளை எழுதினார். கணவர் எழுதாமல் விட்ட உலகப் பயணமெல்லாம் அதில் வருகிறது. அவர் 1902-இல் காலமானார். புத்தகம் வெளிவந்தது 1975-இல்! எழுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தாலும், எழுதி வைத்ததால்தானே வெளிவந்தது? நம் வீட்டில் ரேஷன் வரிசையில் நின்றதும், பிரசவம் பார்த்ததும், புயலன்று பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். அடுத்த டூருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். கை நடுங்கினால் பேரப்பிள்ளையின் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். வம்ச பெருமை வேண்டாம், அது எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். நீங்கள் கண்ணால் பார்த்ததை, விலைவாசியோடு, வெட்கப்பட்டதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு நான்கு வரி போதும்.

நான் ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கம் 1954 நவம்பர் முதல் தேதி. கூட்டம், இரைச்சல், அப்பாவின் கை, மிட்டாய். ஐம்பது டாலர் நோட்டை அந்தப் பக்கத்தில் அடையாளமாக வைத்திருக்கிறேன். பேரன் அடுத்த முறை வரும்போது நோட்டை அவனுக்கே கொடுத்துவிடுவேன், அதில் இருக்கும் தாத்தா யார் என்று சொல்லி. கூடவே இந்த நோட்டுப் புத்தகத்தையும்.